லம்பத்து மண்ணில் ஈயம்: உயிர்க்கரி போட்டால் சரியாகுமா?

தாப்பா ரோடு, 3 மார்ச் 2025, இரவு 9:14

மலேசியாவில் பீடோர் பக்கம், பட்டணத்தை ஒட்டின பழைய லயத்துக்குப் (எஸ்டேட் தொழிலாளர் வீட்டு வரிசை) பின்னால் 6 மீட்டருக்கு 10 மீட்டர் இடம். லயத்தை ஒட்டின பாதி தோட்டத்து மண். மறு பாதி பள்ளமாக இருந்தது, லம்பத்து மணலை (பழைய சுரங்கத்தில் கழுவிக் கொட்டின மணல்) கொட்டி மேடாக்கியிருக்கிறது. கீரை, சாவி (கடுகுக் கீரை), கங்குங் (வள்ளைக்கீரை), கொஞ்சம் மரவள்ளி போட எண்ணம். லம்பத்து மண்ணில் ஈயம் இருக்கும், உயிர்க்கரி (காற்று குறைத்துச் சுட்டு மண்ணில் போடுகிற கரி) அதை உறிஞ்சி எடுத்துவிடும் என்கிறார்கள். நர்சரியில் சேக்காம் பாக்கார் (சுட்ட உமிக்கரி) மூட்டை மூட்டையாக மலிவாகக் கிடைக்கிறது. எத்தனை மூட்டை? போட்டு எத்தனை நாளில் விதைக்கலாம்?

மண்சட்டி, 3 மார்ச், இரவு 10:02

எந்த ஈயம்?

மண்சட்டி, 3 மார்ச், இரவு 10:31

கிண்டல் இல்லை. தமிழில் இரண்டையும் ஈயம் என்றே சொல்லிப் பழகிவிட்டோம். லம்பத்தில் தோண்டினது வெள்ளீயம், ரசம் வைக்கிற ஈயச் சொம்பு அதுதான். நீங்கள் பயப்படுகிற ஈயம் காரீயம்: பழைய பெயிண்ட், கார் பேட்டரி. வெள்ளீயத் தாது கேசிட்டரைட், அசலில் ஆக்சைடு. தண்ணீரில் கரையாது, வேர் எடுக்காது, அதற்குக் கரியும் வேண்டாம் ஒன்றும் வேண்டாம்.

லம்பத்து மண்ணில் பார்க்க வேண்டியது ஆர்செனிக். வெள்ளீயத் தாதுவோடு ஆர்செனோபைரைட் சேர்ந்தே வரும். அதைக் கழுவிக் கொட்டின மண்ணில் ஆர்செனிக் நிற்கும். ஆர்செனிக்குக்கு வெறும் கரி போட்டால் குறையாது, பல நேரம் கூடும். அதனால் மூட்டைக் கணக்கு அப்புறம், முதலில் என்ன உலோகம் என்று தெரிய வேண்டும்.

இன்னொன்று, கரி எதையும் "எடுத்துவிடாது". காரீயமோ காட்மியமோ மண்ணிலேயேதான் இருக்கும். கரி பிடித்து வைத்துக்கொள்கிறது, வேருக்குப் போகிற பங்கு குறைகிறது, அவ்வளவுதான். கரி போட்ட பிறகு மொத்த அளவுக்குச் சோதனை செய்து "ஒன்றும் குறையவில்லை, ஏமாற்று" என்று திட்டுகிறவர்கள் உண்டு. அந்த எண் குறையவே குறையாது.

குலைவெட்டி, 4 மார்ச், காலை 7:40

ஏன் ஆர்செனிக் மட்டும் தலைகீழ்? நாலு வரி சேர்த்து எழுதலாமே அண்ணே.

மண்சட்டி, 4 மார்ச், பகல் 1:15

காரீயம், காட்மியம், செம்பு, துத்தநாகம் நான்கும் மண் நீரில் நேர்மின் ஏற்றத்தோடு திரியும். கரியின் மேல்பரப்பு எதிர்மின், அதனால் ஒட்டும். கரியின் சாம்பல் பி.எச்.சை (மண்ணின் அமில, கார அளவு) ஏற்றும்போது கார்பனேட்டாக, ஹைட்ராக்சைடாகப் படியவும் செய்யும். கரியில் பாஸ்பேட் இருந்தால் காரீயம் பைரோமார்ஃபைட் ஆகிவிடும். காரீயத்தின் உப்புகளில் அதைவிடக் கரையாதது அரிது. எலும்புக்கரி, கோழி எருக்கரி காரீயத்துக்குப் பேர் வாங்கினது அதனால்தான்.

ஆர்செனிக் எதிர்மின்னோடு, ஆர்செனேட்டாக, மண்ணின் இரும்புத் துருவில் ஒட்டிக்கொண்டிருக்கிறது. பி.எச். ஏறினால் அந்தப் பிடி தளரும். பாஸ்பேட் வந்தால் ஆர்செனேட்டைத் தள்ளிவிட்டு அதே இடத்தில் உட்காரும், இரண்டும் ஒரே சாயல். கரியிலிருந்து கரைகிற கரிமப் பொருளும் போட்டிக்கு வரும். காரீயத்தைக் கட்டிப்போடுகிற அதே பி.எச். ஏற்றமும் பாஸ்பேட்டும் ஆர்செனிக்கை அவிழ்த்துவிடுகின்றன.

குரோமியம் வேறு கதை. ஆறாம் நிலைக் குரோமியத்தைக் கரி மூன்றாம் நிலைக்கு இறக்கிவிடும், அது நல்லது. முலாம் பூசுகிற பட்டறை பக்கத்தில் இல்லையென்றால் இங்கே அது தேவைப்படாது.

தாப்பா ரோடு, 4 மார்ச், இரவு 8:50

அப்போ தோட்டத்து மண் பாதிக்காவது பயம் இல்லைதானே?

மண்சட்டி, 4 மார்ச், இரவு 9:30

அதையும் சொல்ல முடியாது. ரப்பர் தோட்டங்களில் லாலாங் புல்லை அழிக்க ஒரு காலத்தில் சோடியம் ஆர்செனைட் அடித்தார்கள், பாராகுவாட் எல்லாம் பிற்பாடு வந்தது. மருந்து ஸ்டோர், மருந்து கலக்கின தொட்டி இருந்த இடம் என்றால் மண்ணில் இன்றைக்கும் இருக்கலாம். கொக்கோ போட்ட நிலத்தில் செம்பு மருந்து. ராக் பாஸ்பேட் வருஷக்கணக்காக வாரி இறைத்த இடத்தில் காட்மியம், எங்கே வெட்டின பாறை என்பதைப் பொறுத்து. லயத்துச் சுவரோரம் பெயிண்ட். சோதனை இல்லாமல் ஆரம்பிக்காதீர்கள்.

மண் எடுக்கும் முறை:

இரண்டு பாதியையும் கலக்க வேண்டாம், தனித்தனி மாதிரி. ஒவ்வொன்றிலும் கோணல்மாணலாக 12 இடம், 0 முதல் 15 செ.மீ. ஆழம். நாகம் பூசின வாளி கூடாது, துத்தநாக எண் பொய்யாக ஏறும். பிளாஸ்டிக் வாளி, துரு இல்லாத சட்டுவம். நிழலில் உலர்த்தி, கட்டி உடைத்து, 2 மி.மீ. சல்லடையில் சலித்து, அரைக் கிலோ அனுப்பினால் போதும். சுவரிலிருந்து 1 மீட்டருக்குள் உள்ள மண்ணை மூன்றாவது மாதிரியாக எடுத்தால் இன்னும் நல்லது.

ஆய்வகத்தில் இரண்டு கேளுங்கள். ஒன்று, ராஜ திராவகத்தில் (அடர் அமிலக் கலவை) கரைத்து மொத்த அளவு. இரண்டு, 0.01 மோலார் கால்சியம் குளோரைடில் கரைகிற அளவு. அது லிட்டருக்கு 1.47 கிராம் உப்பு போட்ட வெறும் நீர்த்த கரைசல்தான், 10 கிராம் மண்ணுக்கு 100 மி.லி. ஊற்றி 2 மணி நேரம் குலுக்குவார்கள். கரி வேலை செய்ததா என்று காட்டப்போவது இந்த இரண்டாவது எண். பி.எச். கேட்காமலே தருவார்கள், ஆனாலும் கேளுங்கள். மாநில ஆய்வகமோ தனியாரோ, இந்த உலோகங்களுக்குச் சாம் (மலேசிய ஆய்வகத் தரத் திட்டம்) அங்கீகாரம் இருக்கிறதா என்று பாருங்கள். உர ஆலோசனைக்கான சாதாரண மண் சோதனையில் ஆர்செனிக் வராது.

குலைவெட்டி, 6 மார்ச், மாலை 6:20

சோதனை வருவதற்குள் கரிக்கணக்கு. 60 சதுர மீட்டர், 15 செ.மீ. ஆழம், அடர்த்தி 1.3 என்றால் மண் 11.7 டன். எடையில் 2 விழுக்காடு கரி என்றால் 234 கிலோ. மூட்டை ஒன்று 15 கிலோ கனக்கிறது, ஆக 16 மூட்டை.

மண்சட்டி, 6 மார்ச், இரவு 10:05

பெருக்கல் சரி, மூட்டை தப்பு. சேக்காம் பாக்கார் தண்ணீர் தெளித்து அணைத்த சரக்கு, பாதி எடை தண்ணீர். 234 என்பது உலர்ந்த கரி. உலர்ந்த உமிக்கரி லிட்டருக்குச் சுமார் 150 கிராம், 50 லிட்டர் மூட்டையில் 7.5 கிலோதான் கரி. 31 மூட்டை வேண்டும். 16 போட்டால் 2 விழுக்காடு என்று நினைத்துக்கொண்டு 1 போட்டவர் ஆவீர்கள், பிறகு "கரி வேலை செய்யவில்லை" என்று இன்னொரு இழை திறப்பீர்கள்.

வாங்கும்போது ஒரு கைப்பிடியை நிறுத்து, இரும்புச் சட்டியில் மெல்லிய சூட்டில் ஈரம் போகப் புரட்டி, மறுபடி நிறுத்துப் பாருங்கள். சிவக்க விடாதீர்கள், கரியே எரிந்துபோகும். இன்னொரு சோதனை நிறம். சேக்காம் பாக்காரில் பாதி வெந்த பழுப்பு உமியும், வெந்து தீர்ந்த வெள்ளைச் சாம்பலும் கலந்து வரும். கருப்பாக ஒரே சீராக இருப்பதை எடுங்கள். ஒரு பங்கு கரிக்குப் பத்துப் பங்கு தண்ணீர் ஊற்றி ஒரு மணி நேரம் குலுக்கி பி.எச். பார்த்தால் சாம்பல் எவ்வளவு என்று ஊகிக்கலாம். 10-ஐத் தாண்டினால் அது பாதி சுண்ணாம்பு வேலைதான் செய்யும்.

மண்சட்டி, 7 மார்ச், காலை 6:55

நானும் ஒன்றை விட்டுவிட்டேன். 1.3 தோட்டத்து மண்ணுக்குச் சரி. லம்பத்து மணல் கனம், 1.5 வையுங்கள். அந்த 30 சதுர மீட்டருக்கு மண் 6.75 டன், கரி 135 கிலோ. தோட்டத்துப் பாதிக்கு 5.85 டன், கரி 117. மொத்தம் 252 கிலோ.

குலைவெட்டி, 8 மார்ச், பிற்பகல் 3:10

காசு கொடுக்க மனமில்லாதவர்களுக்கு: 200 லிட்டர் டிரம், அடியில் 1 செ.மீ. துளை 30-40, மூன்று செங்கல் மேல் நிறுத்தவும். சிரட்டை அல்லது செம்பனை (எண்ணெய்ப் பனை) கொட்டை ஓடு, நன்றாகக் காய்ந்தது, ஐந்தில் நாலு பங்கு வரை. தீ மேலே வைக்க வேண்டும், கீழே அல்ல. மேலே வைத்தால் தீமுகம் மெல்லக் கீழே இறங்கும், புகை எரிந்துபோகும். மேல் மூடியில் குழாய். மஞ்சள் தழல் அடங்கிக் குட்டையான நீலத் தழல் தெரிந்தால் வாயு முடிந்தது, கரியே எரிய ஆரம்பித்துவிட்டது. உடனே தண்ணீர். யோசித்துக்கொண்டு நின்றால் சாம்பல்தான் மிஞ்சும். காய்ந்த எடையில் நாலில் ஒரு பங்கு கரி வந்தால் நல்ல கை.

மருந்து வந்த டிரம் கூடாது. லயத்துப் பழைய பலகையைப் போட்டு எரிக்கவே கூடாது, பெயிண்டில் காரீயம். பச்சை ஏறின மருந்து மரமும் வேண்டாம், செம்பும் குரோமியமும் ஆர்செனிக்கும் ஏற்றின மரம் அது. மண்ணைச் சுத்தம் செய்யப் போய் அதிலேயே விஷம் கொட்டினதாகும்.

மண்சட்டி, 8 மார்ச், இரவு 9:48

நல்ல குறிப்பு. ஐரோப்பியத் தரச்சான்றில் விவசாயக் கரிக்கு உச்சம் கிலோவுக்குக் காரீயம் 120 மி.கி., காட்மியம் 1.5, ஆர்செனிக் 13. பெயிண்ட் பலகைக் கரி அந்தப் பக்கமே போக முடியாது.

செம்பனை மில்லிலிருந்து வரும் காலிக்குலை (பழம் உதிர்த்த குலை) கரி பற்றித் தனிச் செய்தியில் கேட்டார்கள். பொட்டாஷ் உப்பு அதிகம், நாற்றின் வேர் கருகும். இரண்டு முறை தண்ணீர் ஊற்றி வடித்துவிட்டுப் போடலாம். பொட்டாஷ் என்றதும் ஞாபகம் வருகிறது. செம்பனைக்குப் போடுகிற எம்.ஓ.பி. (பொட்டாசியம் குளோரைடு) உரத்தைக் கீரைப் பாத்திக்குக் கொண்டுவராதீர்கள். அதன் குளோரைடு காட்மியத்தோடு சேர்ந்து அதை வேருக்கு இழுத்துக்கொண்டு போகும். பொட்டாசியம் சல்பேட் வாங்குங்கள்.

தாப்பா ரோடு, 21 மார்ச், மாலை 5:33

தாள் வந்துவிட்டது. எல்லாம் கிலோவுக்கு மி.கி., மொத்த அளவு.
லம்பத்துப் பாதி: பி.எச். 4.6, ஆர்செனிக் 62, காரீயம் 28, காட்மியம் 0.2.
தோட்டத்துப் பாதி: பி.எச். 4.4, ஆர்செனிக் 9, காரீயம் 140, காட்மியம் 0.4.
சுவரோரம்: காரீயம் 610.

குலைவெட்டி, 21 மார்ச், மாலை 5:50

ஒரே கொல்லையில் இரண்டு நோயாளி.

மண்சட்டி, 21 மார்ச், இரவு 10:40

இரண்டு நோயாளிக்கும் ஒரே மருந்து கொடுத்தால் ஒருவர் போய்விடுவார். அதுதான் இந்த இழை முழுக்கச் சொல்ல வந்தது.

தோட்டத்துப் பாதி, காரீயம் 140: கரி 117 கிலோ, சதுர மீட்டருக்கு 300 கிராம் மக்னீசியச் சுண்ணாம்புத் தூள், கோழி எரு மக்கினது. பாஸ்பேட் இங்கே நண்பன். பி.எச். 6.5-க்கு மேல் தள்ள வேண்டாம், இலை வெளிறும், இரும்பும் மாங்கனீசும் துத்தநாகமும் கிடைக்காமல் போகும். முதல் மாதம் கரி தழைச்சத்தைப் பிடித்துக்கொண்டு கீரை மஞ்சளாகும், எரு அதற்கும் சேர்த்துத்தான்.

லம்பத்துப் பாதி, ஆர்செனிக் 62: வெறும் கரி வேண்டாம், கோழி எரு வேண்டாம், ராக் பாஸ்பேட் அறவே வேண்டாம். இரும்பு ஏற்றின கரி போடலாம். 10 கிலோ உலர்ந்த கரிக்கு 2.5 கிலோ ஃபெரஸ் சல்பேட், 20 லிட்டர் தண்ணீரில் கரைத்து ஒரு நாள் ஊறவைத்து, நிழலில் பரப்பிப் புரட்டிப் புரட்டி உலர்த்தினால் துரு நிறம் படியும். அந்தத் துருதான் ஆர்செனிக்கைப் பிடிக்கப்போவது, கரி வெறும் சுமைகூலி. இரும்பு துருவாக மாறும்போது அமிலம் விடும். 1 கிலோ ஃபெரஸ் சல்பேட்டுக்கு 360 கிராம் சுண்ணாம்புக்கல் தூள் அதைச் சமன்செய்யும். 135 கிலோ கரிக்கு ஃபெரஸ் சல்பேட் 34 கிலோ, தூள் 12 கிலோ. பி.எச். 5.5 முதல் 6-க்குள் நிறுத்துங்கள்.

சுவரோரம் 610: அங்கே எதுவும் பயிரிடாதீர்கள். அமெரிக்காவில் வீட்டு மண் காரீயத்துக்கு எச்சரிக்கை அளவு 400 ஆக இருந்தது, 2024-ல் 200-க்கு இறக்கினார்கள். அங்கே கீரையைவிடப் பிள்ளைகளின் கைதான் பிரச்சினை. மண்ணைத் தொட்ட கை வாய்க்குப் போகும், கரி அதைத் தடுக்காது.

மண்சட்டி, 22 மார்ச், காலை 7:05

கங்குங் என்று முதல் பதிவில் பார்த்தேன். லம்பத்துப் பாதியில் கங்குங் வேண்டாம். தண்ணீர் தேங்கினால் இரும்புத் துரு கரைந்துவிடும், பிடித்துவைத்த ஆர்செனிக்கும் அதோடு வெளியே வரும். அந்தப் பாதியைப் பாத்தி மேடாக்கி வாய்க்கால் வெட்டுங்கள். பொதுவாக இலை அதிகம் எடுக்கும், கிழங்கு அடுத்து, காய் குறைவு. வெண்டை, பயற்றங்காய், புடலை போடலாம். மரவள்ளியைத் தோல் சீவிக் கழுவினால் ஒட்டின மண்ணோடு பெரும்பங்கு போய்விடும்.

குலைவெட்டி, 22 மார்ச், பகல் 12:30

ஆர்செனிக்கை உறிஞ்சுகிற பெரணி ஒன்று இருக்கிறதே, அதைப் போட்டு எடுத்துவிட்டால்?

மண்சட்டி, 22 மார்ச், இரவு 8:15

ப்டெரிஸ் விட்டாட்டா. 2001-ல் கண்டுபிடித்துச் சொன்னார்கள். ஈப்போ பக்கம் சுண்ணாம்புப் பாறை இடுக்கில் தானாக முளைப்பது அதுதான். உண்மையாகவே இழுக்கும், ஆனால் வருஷக்கணக்கு வேலை. இரும்புக் கரியோடு சேர்த்துச் செய்யக்கூடாது, ஒன்று கட்டிப்போடுகிறது, மற்றது அவிழ்த்து எடுக்கிறது. வெட்டின பெரணியை எருக்குழியில் போட முடியாது, எரிக்கவும் முடியாது, புகையில் ஆர்செனிக். பூச்சோக் பாக்கு (சமைக்கிற பெரணித் தளிர்) என்று நினைத்துச் சம்பல் போட்டுச் சாப்பிட்டும் விடாதீர்கள், அது வேறு பெரணி.

மண்சட்டி, 29 மார்ச், இரவு 9:20

252 கிலோ கரியைக் கொட்டுவதற்கு முன் பாலிபேக்கில் பாருங்கள். பைக்கு 3 கிலோ உலர்ந்த மண். நாலு விதம்: ஒன்றும் போடாதது, சுண்ணாம்பு 5 கிராம், கரி 60 கிராம், இரும்புக் கரி 60 கிராம். ஒவ்வொன்றும் மூன்று பை. இரண்டு மண்ணுக்கும் சேர்த்து 24 பை. சுண்ணாம்பு மட்டும் போட்ட பையை விடாதீர்கள். கரியின் முதல் வருஷப் புகழில் பாதி சுண்ணாம்புக்குச் சேர வேண்டியது.

ஈரமாக மூன்று வாரம் விட்டுச் சாவி விதைத்து 35-ஆம் நாள் அறுக்க வேண்டும். மண்ணுக்கு 2 செ.மீ. மேலே வெட்டி மூன்று தண்ணீரில் கழுவுங்கள். இலையில் ஒட்டின தூசியே காரீய எண்ணை ஏற்றிவிடும். ஆய்வகம் உலர்ந்த எடைக்கு எண் தரும். சாவியில் 92 விழுக்காடு தண்ணீர், 0.08-ஆல் பெருக்கினால் பச்சை எடைக் கணக்கு. கோடெக்ஸ் (உலக உணவுத் தர அமைப்பு) உச்சம் இலைக் காய்கறிக்குப் பச்சை எடையில் கிலோவுக்குக் காட்மியம் 0.2 மி.கி., காரீயம் 0.3. கலக்கும்போது கரியை நனைத்துக்கொள்ளுங்கள், முகமூடி போடுங்கள். உமிக்கரித் தூசியில் சிலிக்கா.

தாப்பா ரோடு, 20 ஜூன், மாலை 4:12

24 பையும் முடிந்தது. லம்பத்து மண்ணில் வெறும் கரி போட்ட பைதான் ஆர்செனிக்கில் முதல் இடம், ஒன்றும் போடாததைவிட மேலே. இரும்புக் கரி கடைசி. தோட்டத்து மண்ணில் கரியும் காரீயத்தைக் குறைத்தது, சுண்ணாம்பும் குறைத்தது, இரண்டுக்கும் வித்தியாசம் சொல்ல முடியவில்லை. அப்புறம் எதற்கு அந்தப் பக்கம் 117 கிலோ கரி சுமக்க வேண்டும்?

மண்சட்டி, 20 ஜூன், இரவு 9:55

35 நாளுக்குச் சுண்ணாம்பு போதும் என்றுதான் அதற்கு அர்த்தம். நம் ஊர் மழைக்குச் சுண்ணாம்பு இரண்டு மூன்று வருஷத்தில் இறங்கிவிடும், பி.எச். இறங்கினால் காரீயம் திரும்ப வரும். கரியின் சாம்பலும் இறங்கும், ஆனால் பிடிமானம் மிஞ்சும். கை வலித்தால் சுண்ணாம்பு மட்டும் போட்டு வருஷத்துக்கு ஒருமுறை பி.எச். பாருங்கள், தப்பில்லை. லம்பத்துப் பக்கம் இரும்பு கட்டாயம்.

தாப்பா ரோடு, 21 ஜூன், காலை 8:03

சரி. தோட்டத்துப் பக்கம் சுண்ணாம்பு, அதோடு பாதிக் கரி. சுவரோரம் 1 மீட்டருக்குப் புல் தரை. பழைய பெயிண்டைச் சுரண்ட நாளைக்கு ஆள் வருகிறது, கீழே சாக்கு விரிக்கச் சொல்லியிருக்கிறேன்.

மண்சட்டி, 21 ஜூன், காலை 8:10

சாக்கு வேண்டாம், தூள் இறங்கிவிடும். கனமான பிளாஸ்டிக் விரிப்பு போடச் சொல்லுங்கள், பலகையை நனைத்துவிட்டுச் சுரண்டட்டும்.